பதினொரு சுற்று

இலுப்பைக்கடவையில் வாடகைக் கார் ஓடுகிறவர்களில் என் தங்கை ஜெயந்தினிதான் திறமானவள். இப்போது வேறு ஒருவரும் ஓடுவதில்லை என்பது உண்மைதான். எல்லோரும் ஆட்டோவுக்கும் வானுக்கும் மாறிவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஓடிய காலத்திலும் அவள்தான் திறமானவள் என்று நான் சொல்லி வந்திருக்கிறேன்.

அவளுடைய கார் ஏ போட்டி (A40) என்ற பழைய மாதிரி. ஐம்பத்திரண்டாம் ஆண்டு இங்கிலாந்தில் செய்தது. கறுப்பு நிறம், இடதுபக்கப் பின்கதவு மட்டும் பச்சை. குளிர்ந்து கிடக்கும்போது அது ஒருநாளும் ஏமாற்றியதில்லை. விடிய ஐந்து மணிக்குத் திறப்பைப் போட்டு ஸ்ராட்டர் கம்பியை ஒருமுறை இழுத்தால் போதும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால்தான் வில்லங்கம். திரும்ப ஸ்ராட் ஆகாது. ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கிடந்து ஆறவேண்டும். இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு மாசி, பங்குனி மாதங்களில் இந்த வில்லங்கத்தால் அவளுடைய தொழில் போகப் பார்த்தது. அது எப்படித் தீர்ந்தது என்பதை எழுதுகிறேன். அதற்கு முதல் அவளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஜெயந்தினி எழுபத்து நான்காம் ஆண்டு வைகாசி ஒன்பதாம் திகதி பிறந்தவள். எனக்கு எட்டு வயது இளையவள். எங்கள் அப்பா ஏரம்பு இந்தக் காரைத்தான் வாடகைக்கு ஓடினார். தொண்ணூறாம் ஆண்டு அம்மாவும் அவளும் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனார்கள். நானும் அப்பாவும் காருடன் ஊரில் நின்றோம். வள்ளத்தில் காரை ஏற்ற முடியாது என்பதே காரணம். பதின்மூன்று வருடம் அவள் மண்டபம் அகதி முகாமில் இருந்தாள். தையல் படித்தாள். அம்மாவை அங்கேயே அடக்கம் செய்தாள். இரண்டாயிரத்து மூன்றில் திரும்பி வந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. வந்த மூன்றாம் நாள், தனக்குக் கார் ஓடப் பழக்கும்படி அப்பாவிடம் கேட்டாள்.

"தையல் மெசின் மிதிச்சனியல்லோ?" என்றார் அப்பா.

"ஓம்."

"இதுவும் அப்பிடித்தான். ஆனால் இது முன்னுக்குப் போகும்."

அவர் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவளே பழகினாள். இரண்டாயிரத்து ஆறில் அப்பா காலமானார். கார் அவளுக்கு வந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. எனக்குக் கார் ஓடத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்; கட்டுக்கரைக் குளத்தில் வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசுக் கதவைத் திறப்பதும் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து எழுதுவதும் என் வேலை.

இரண்டாயிரத்து எட்டில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது காரில் பெற்றோல் இல்லை. ஜெயந்தினி நாலு சில்லையும் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டாள். காரைப் பனையோலையால் மூடினாள். கணவரோடு நடந்து போனாள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. காருக்கு ஆசனம் இல்லை, விளக்கு இல்லை, கண்ணாடி இல்லை, பற்றறி இல்லை. இஞ்சின் இருந்தது. அதைத் தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும். சில்லுகள் நாலும் கிணற்றில் இருந்தன.

முதலில் வீட்டைத் திருத்து என்று நான் சொன்னேன். "வீடு எங்கையும் போகாது அண்ணை," என்றாள்.

காரைத் திருத்தி எடுக்க ஆறு வருடம் சென்றது. விளக்கு ஒரு உழவு இயந்திரத்தில் இருந்து வந்தது. பச்சைக் கதவு வவுனியாவில் இருந்து வந்தது. ஆசனங்களை அவளே தைத்தாள். அவளுடைய கணவர் வயல் செய்கிறவர், நல்ல மனிதர். வாகனத்தில் ஏறினால் தலைசுற்றிச் சத்தி எடுப்பார். எனவே அந்த ஆறு வருடமும் அவர் தனக்கென்று எந்தப் பயனையும் எதிர்பாராமல் உதவி செய்தார் என்பதை இங்கே சொல்லவேண்டும்.

இனி விசயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்ச் செல்லையாவுக்கு எழுபத்தொரு வயது. சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யாது. செவ்வாயும் வெள்ளியும் மன்னார் ஆஸ்பத்திரியில் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்யவேண்டும். ஆறரை மணிக்கு அவருக்கு இயந்திரத்தடியில் கதிரை. பஸ்ஸின் குலுக்கல் அவருக்கு ஆகாது. வானில் கால் தூக்கி ஏறுவது கடினம். ஜெயந்தினியின் கார் நிலத்துக்குக் கிட்ட, பதிவாக இருக்கும். அவள் குழி தெரிந்து ஓடுவாள். இரண்டு வருடமாக அவரை ஏற்றி இறக்கியது அவள்தான். அவளுக்கு நிரந்தரமாக இருந்த ஓட்டமும் அது ஒன்றுதான்.

அந்தத் தை மாதம் இன்னொருவர் சேர்ந்தார். விடத்தல்தீவில் இருக்கும் மரியம்மா. அவவுக்கும் அதே வருத்தம், அதே நேரம். ஐந்தரைக்கு முன்னர் ஜெயந்தினி அவவின் வாசற்படலையில் நிறுத்தி ஹோர்ன் அடிப்பாள். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மரியம்மா செபமாலை சொல்லத் தொடங்குவா. பயணத்துக்கான செபம் அது. வாகனம் வந்து நின்றால்தானே பயணம் என்பது அவவின் கணக்கு. முடிய பதினைந்து நிமிடம் எடுக்கும்.

முன்பெல்லாம் ஜெயந்தினி எங்கே நின்றாலும் இஞ்சினை நிறுத்தமாட்டாள். அப்பாவும் நிறுத்தமாட்டார். ஆனால் பெற்றோல் கியூஆர் அட்டைக்கு வந்துவிட்டது. கிழமைக்கு இருபது லீற்றர். சும்மா நின்று எரிக்க முடியாது. எனவே மரியம்மாவின் படலையில் நிறுத்தத் தொடங்கினாள். அன்றுதான் வில்லங்கம் வெளியே வந்தது.

செபமாலை முடித்து மரியம்மா ஏறினா. ஜெயந்தினி கம்பியை இழுத்தாள். ஸ்ராட்டர் சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை. சோக்கை இழுத்துப் பார்த்தாள். பெற்றோல் மணம் வந்தது, வேறு ஒன்றும் வரவில்லை.

"பிள்ளை, என்ன நிண்டிட்டுதோ?" என்றார் செல்லையா.

"நிப்பாட்டினது நான்தான் மாமா. வெளிக்கிடத்தான் மாட்டனெண்ணுது."

"பதினைஞ்சு நிமிசம் செபிச்சும் இவ்வளவுதானோ?"

"நான் செபிச்சது வழிப்பயணத்துக்கு," என்றா மரியம்மா. "மெசினுக்குச் செபிக்கச் சொல்லி நீர் சொல்லேல்லையே."

அன்று அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஏழு ஐந்து. அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தினால் கதிரை காத்திருக்கும் இன்னொருவருக்குப் போகும். அது நியாயம்தான். பிந்தியவர்கள் பதினொரு மணிக்குப் பிறகு வருகிற கதிரைக்கு இருக்கவேண்டும். மற்ற நாட்களில் கார் ஒருமாதிரி ஆறிப் பிடித்து, அந்த அரை மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். மாசி மாதத்தில் ஒரு தரமும் பங்குனியில் ஒரு தரமும் செல்லையா அப்படி இருந்தார். இரண்டாம் தரம் வெளியே வந்தபோது பின்னேரம் நாலரை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. ஜெயந்தினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அவரைத் தாங்கிப் பிடித்துக் காரில் ஏற்றினாள். வீட்டுக்கு வரும்வரை அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

மரியம்மாவைக் காருக்குள் இருந்து செபிக்கச் சொல்லலாமே என்று நான் கேட்டேன்.

"செல்லையா மாமா வாய் மூடுவாரே அண்ணை? ஒரு அருள்நிறைந்த மந்திரம் முழுசாச் சொல்லி முடிப்பாவே?" என்றாள். "அதோட, பழுது காரில. அவவின்ர செபத்தை ஏன் நான் திருத்தவேணும்?"

மன்னாரில் அவள் காரைக் காட்டுவது நிதர்சனிடம். இருபத்தேழு வயது. நல்ல மெக்கானிக், கை சுத்தம். பழைய காரில் அவனுக்கு ஆசை. அவன் கொயில் மாற்றினான். கொண்டென்சர் மாற்றினான். பிளக் நாலும் மாற்றினான். காபரேற்றரைக் கழற்றிக் கழுவினான். ஒவ்வொன்றையும் ஜெயந்தினி சொல்ல நான் கொப்பியில் எழுதினேன், திகதியோடு. ஒன்றும் பலிக்கவில்லை.

பிறகு நிதர்சன் கைத்தொலைபேசியில் ஒன்றைப் பார்த்தான். வெளிநாட்டில் இப்படிப்பட்ட கார்களுக்குப் பெற்றோல் குழாயில் உடுப்புக் கொழுவும் கிளிப்புகளைக் கொழுவுவார்களாம், சூட்டை இழுக்குமாம். ஜெயந்தினி கொடியில் இருந்து பதினான்கு கிளிப் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெளிநாட்டுக் கிளிப் மரத்தால் செய்தது என்பதை அவன் கவனிக்கவில்லை. எங்களுடையது பிளாஸ்டிக். மன்னாரில் இருந்து தள்ளாடிச் சந்திக்கு வரும்போதே உருகிவிட்டது. அதையும் எழுதினேன்: "கிளிப் 14, பயன் இல்லை, வாசம் கூடாது."

இரண்டாம் தரம் பிந்திய வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் காலை செல்லையாவின் மகள் நிவேதிகா வந்தாள். படலைக்கு உள்ளே வரவில்லை.

"அக்கா, உங்களில கோபமில்லை. ஆனால் அப்பான்ர உடம்பு தாங்காது. வாற செவ்வாய்க்கு வான் ஓடுற நௌபரிட்டச் சொல்லிப்போட்டன்."

"வானில அவர் ஏற ஏலாதே பிள்ளை."

"ஏத்தலாம். கதிரை போனால்தான் ஒண்டும் செய்ய ஏலாது."

"ஒரு செவ்வாய் தாங்கோ. வான் பின்னால வரட்டும். என்ர கார் நிண்டால் அதில ஏத்துங்கோ. பிறகு நான் உங்கட படலைக்கு வரமாட்டன்."

நிவேதிகா யோசித்தாள். "அப்பாவும் இதைத்தான் சொன்னவர்," என்றாள். "சரி. ஒரு செவ்வாய்."

அன்று சனிக்கிழமை. எனக்கு வேலை இல்லை. ஜெயந்தினி காரை எடுத்து, என்னை முன் ஆசனத்தில் இருத்தி, கொப்பியையும் மணிக்கூட்டையும் பிடிக்கச் சொன்னாள்.

"மாத்தின சாமானை எழுதினது காணும் அண்ணை. இனி நேரத்தை எழுதுங்கோ."

வெள்ளாங்குளம் பக்கம் ஓடினோம். பத்துக் கிலோமீற்றர் ஓடுவது, நிறுத்துவது, குறித்த நேரம் கழித்து ஸ்ராட் பண்ணிப் பார்ப்பது. ஆகாவிட்டால் ஆறும்வரை இருப்பது. சூரியன் உச்சிக்கு ஏறி இறங்கும்வரை இதைச் செய்தோம். வெறும் வெளி, ஒதுங்க ஒரு மரம் இல்லை. மாடு பார்க்க வந்த ஒருவர் உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், கார் வேண்டுமென்றே நிற்கிறது என்று ஜெயந்தினி சொன்னாள். அவர் போய்விட்டார்.

கொப்பியில் வந்தது இதுதான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நிறுத்தினால் ஸ்ராட் ஆகும். ஐந்து நிமிடத்தில் ஆகாது. பத்தில் ஆகாது. இருபதில் ஆகவே ஆகாது. நாற்பதில் இருமும். ஐம்பத்திரண்டில் ஆகும்.

அவள் கொப்பியை வாங்கி ஸ்ரேறிங்கில் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"கரண்டுப் பழுதெண்டால் ஓடேக்கையும் ஒருக்கால் எண்டாலும் விக்கவேணும்," என்றாள். "ஓடேக்கை ஒரு குறையுமில்லை. நிண்டாப் பிறகுதான் எல்லாம். மண்சட்டி மாதிரி அண்ணை. அடுப்பை அணைச்சாலும் சட்டிச் சூட்டில குழம்பு கொதிச்சுக்கொண்டிருக்கும். உள்ளுக்கை ஏதோ கொதிக்குது. என்னெண்டுதான் பாக்கவேணும்."

எட்டாம் வகுப்பு எனக்கு, அவளுக்குப் பத்து. அந்த இரண்டு வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அவளே யோசித்தது.

திங்கட்கிழமை நான் லீவு போட்டேன். கார் சூடாகவே நிதர்சனின் கராஜுக்குப் போனது. ஜெயந்தினி இஞ்சினை நிறுத்தினாள். பத்து நிமிடம் ஒருவரையும் பொனற்றில் கைவைக்க விடவில்லை. நான் நேரம் சொன்னேன்.

"இப்ப காபரேற்றருக்குப் போற குழாயைக் கழட்டு தம்பி. ஈரச்சாக்கைப் போட்டுக் கழட்டு."

நிதர்சன் கழற்றினான். பெற்றோல் வரவில்லை. உஸ் என்று சீறிக்கொண்டு ஆவி வந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"கொதிக்குது அக்கா! பெற்றோல் கொதிக்குது!"

"குழாய் எங்காலை வருது?"

அவன் குனிந்து விரலால் காட்டிக்கொண்டே போனான். பெற்றோல் பம்பில் இருந்து புறப்பட்ட செப்புக் குழாய் நேரே காபரேற்றருக்கு வரவில்லை. வழியில், இஞ்சினின் புகைக்குழாயை மூடியிருந்த கறுத்த கயிற்றுச் சுற்றுக்குள் போய் மறைந்து, அடுத்த பக்கத்தால் வெளியே வந்தது.

"இதுக்குள்ள என்ன?" என்று ஜெயந்தினி கேட்டாள்.

"அது கொம்பனி வேலை அக்கா. நான் அதில கை வைக்கிறேல்லை."

"பிரிச்சுப் பார்."

கயிறு தூளாக உதிர்ந்தது. அதற்குள் செப்புக் குழாய் புகைக்குழாயைச் சுற்றிச் சுற்றிக் கிடந்தது. நிதர்சன் பழைய துணியால் அதைத் துடைத்தான். பிறகு எழுந்து நின்று இரண்டு கையையும் இடுப்பில் வைத்தான்.

"பாருங்கோ அக்கா. ஒண்டுக்கொண்டு நூலளவும் பிசகேல்லை. ஓரிடத்திலயும் நசியேல்லை. எங்கட ஆக்கள் செய்தால் உப்பிடி வருமே? வெள்ளைக்காரன்ர வேலை எண்டால் வேலைதான்."

நான் ஒரு எண்ணெய்த் தகரத்தில் இருந்தேன். இயன்றளவு பேசாமல் இருந்தேன். அரை நிமிடம் இருந்திருப்பேன்.

"அது வெள்ளைக்காரன் சுத்தினதில்லை," என்றேன். "நான் சுத்தினது."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"தொண்ணூத்திரண்டாம் ஆண்டு ஆவணி மாசம். அம்மான்ர உலக்கையில வைச்சுச் சுத்தினனான். நசியாமல் இருக்க உள்ளுக்கை கடற்கரை மணல் நிரப்பி, ரெண்டு பக்கமும் ஆப்பு அடிச்சு. பதினொரு சுத்து. ரெண்டு நாள் எடுத்தது."

"ஏன் அண்ணை சுத்தினீங்கள்?" என்று ஜெயந்தினி கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்ப பெற்றோல் இல்லைத்தானே. நீயும் அம்மாவும் அங்கால போயிட்டியள். இஞ்ச கார் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. மண்ணெண்ணெய் பச்சையாப் போனால் எரியாது, வெறும் புகைதான் வரும். புகைக்குழாயில சுத்தி, நல்லாச் சூடாக்கித்தான் அனுப்பவேணும். மற்றவையள் அஞ்சு, ஆறு சுத்துத்தான் சுத்தினவை. இதுக்குப் பதினொண்டு. இதைப்போல இழுவை ஒரு காருக்கும் இருக்கேல்லை."

"இப்ப கார் என்னத்தில ஓடுது?"

"பெற்றோலில."

சொன்ன பிறகு எனக்கும் விளங்கியது.

நிதர்சன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜெயந்தினி என்னையே பார்த்தாள்.

"ரெண்டு மாசமாக் கொப்பியில எழுதிறீங்களே அண்ணை. கிளிப் உருகினதையும் எழுதினீங்கள். இதை ஏன் எழுதேல்லை?"

"மாத்தின சாமானை எழுதச் சொன்னாய். அது மாத்தேல்லை. பழுதானதைச் சொல்லச் சொன்னாய். அது பழுதாகேல்லை. இண்டுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுக்கில்லை, பார்."

"ஒழுக்கில்லைத்தான்," என்றாள்.

"அங்கிள்," என்றான் நிதர்சன். தொண்ணூற்றாறில் பிறந்தவன் அவன். "உண்மையா மண்ணெண்ணெயில கார் ஓடினதே? மணக்காதே?"

"ஊரே மணந்தது. அதால ஒருத்தருக்கும் தெரியேல்லை."

இரண்டாயிரத்து இரண்டில் பாதை திறந்து பெற்றோல் வந்தபோது அப்பா மண்ணெண்ணெயை விட்டார். சுற்றை விடவில்லை. நன்றாகச் செய்த வேலையை யார் கழற்றுவார்கள்? அதற்குப் பிறகு காரில் ஆசனம் போனது, விளக்கு போனது, கண்ணாடி போனது. களவெடுத்தவர்களும் அதை விட்டுவிட்டார்கள். ஒருவேளை அவர்களும் அதைக் கொம்பனி வேலை என்று நினைத்திருப்பார்கள்.

"வெட்டு தம்பி," என்றாள் ஜெயந்தினி.

நிதர்சன் என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன். இரண்டு நாள் சுற்றியதை வெட்டி எடுக்க நாலு நிமிடம் சென்றது. குளிர்சாதனப்பெட்டி திருத்துகிற கடையில் இருந்து புதுச் செப்புக் குழாய் ஒன்று வாங்கி வந்து, புகைக்குழாய்க்குக் கிட்டப் போகாமல், இஞ்சினின் முன்பக்கத்தால் வளைத்துப் பூட்டினான். வளைவு ஓரிடத்தில் சற்று நசிந்திருந்தது. அதையும் கொப்பியில் எழுதினேன்.

பின்னேரம் மன்னார்ப் பாலத்தைத் தாண்டி ஓடிப் பார்த்தோம். நிறுத்தி ஐந்து நிமிடம்: ஸ்ராட் ஆகியது. பத்து நிமிடம்: ஆகவில்லை.

நிதர்சன் முகம் வெளிறிவிட்டது. நான் கொப்பியை மூடினேன். ஜெயந்தினி கையைத் தூக்கி எங்கள் இருவரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். பிறகு சோக் கம்பியைப் பார்த்தாள். அது வெளியே இழுத்தபடி இருந்தது.

"ரெண்டு மாசமா இழுத்து இழுத்துக் கை பழகிப்போச்சு," என்றாள். "சூட்டில இதை இழுத்தால் பெற்றோல் கூடிப் பிளக்கை மூடிப்போடும்." கம்பியை உள்ளே தள்ளினாள். அக்சிலேற்றரைப் பாதி மிதித்தபடி ஸ்ராட்டரை இழுத்தாள். இருமியது, பிடித்தது. பிறகு பதினைந்து நிமிடம், இருபது நிமிடம், முப்பது நிமிடம், எல்லாவற்றுக்கும் ஆகியது. தன்னுடைய பிழையையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். என்னுடையதையும் எழுதினேன். அதை அவள் எழுதச் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிய நான் இன்னொரு நாள் லீவில் முன் ஆசனத்தில் இருந்தேன். ஐந்து மணிக்குச் செல்லையாவின் படலையில் இரண்டு வாகனம் நின்றது. நௌபர் வானை விட்டிறங்கி வந்து, "என்னில குறை நினைக்காதேங்கோ அக்கா, என்னைக் கூப்பிட்டவை," என்றார்.

"உங்களில என்ன குறை தம்பி. வாங்கோ, வெளிக்கிடுவம்."

செல்லையா காரில் ஏறினார். நிவேதிகா வெளியே நின்று, "அப்பா, நிண்டால் உடன வானில ஏறவேணும், காரோட கதைச்சுக்கொண்டிருக்கப்படாது," என்றாள்.

இருட்டில் நாங்கள் முன்னாலும் வெறும் வான் பின்னாலும் போனோம். விடத்தல்தீவில் ஐந்து இருபத்து மூன்றுக்கு நிறுத்தினோம். ஹோர்ன் அடித்தாள். உள்ளே விளக்கு எரிந்தது. மரியம்மா செபமாலையைத் தொடங்கினா.

நௌபர் இறங்கி வந்து காருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். பொனற்றைப் பார்த்தார். வானைப் பார்த்தார். மறுபடி பொனற்றைப் பார்த்தார்.

"டேய் நௌபர்," என்றார் செல்லையா, "செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்காதை. அங்கால போ."

"நான் சும்மா காத்துக்கு நிக்கிறன் மாமா."

"காத்து உன்ர வானடியிலும் வரும்."

பதினைந்து நிமிடம் ஆகியது. மரியம்மா வரவில்லை. பதினேழு. ஜெயந்தினி ஸ்ரேறிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். செல்லையா தன் மடியில் இருந்த சிவப்புப் பையின் வாரைச் சுருட்டினார், விரித்தார். அவரது கால் அன்றும் வீங்கித்தான் இருந்தது. பத்தொன்பதாவது நிமிடத்தில் மரியம்மா வெளியே வந்தா.

"என்னக்கா இண்டைக்கு இவ்வளவு நேரம்?" என்று கேட்டார் செல்லையா.

"மெசினுக்கும் சேத்துச் சொன்னனான். நீர்தானே குறை சொன்னனீர்."

அவ ஏறிக் கதவைச் சாத்தினா. ஜெயந்தினி சோக்கைத் தொடவில்லை. பாதி மிதித்தாள். கம்பியை இழுத்தாள். ஸ்ராட்டர் இரண்டு சுற்றுச் சுற்றியது. இஞ்சின் பிடித்தது.

நௌபர் காரின் கூரையில் கையால் ஒருமுறை தட்டிவிட்டுத் தன் வானுக்குப் போனார். தள்ளாடிவரை பின்னால் வந்தார். அங்கே மன்னாருக்குப் போக நின்ற ஆட்கள் கை காட்ட, அவர்களுக்கு நிறுத்தினார்.

ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் இறங்கியபோது நேரம் ஆறு மணி ஏழு நிமிடம். கழுதைகள் நாலு வாசலை மறித்து நின்றன. ஜெயந்தினி இறங்கி அவற்றைக் கலைத்துவிட்டு, செல்லையாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். இரத்தம் சுத்தம் செய்யும் பகுதியின் கதவு இன்னும் பூட்டியிருந்தது. வெளியே வாங்கில் அவரையும் மரியம்மாவையும் இருத்தினாள். செல்லையாவின் தொலைபேசி அடித்தது. நிவேதிகா.

"ஓம், வந்திட்டம்," என்றார் அவர். "இல்லை, இன்னும் கதிரையில ஏறேல்லை. கதவே திறக்கேல்லை... ஓம், காரிலதான்... நௌபரோ? அவன் வழியில ஆக்களை ஏத்தினவன், எங்கையெண்டு தெரியாது... வெள்ளிக்கோ? வெள்ளிக்கு அவனுக்கென்ன வேலை? அவனை மறிச்சு, வரவேண்டாமெண்டு சொல்லிவிடு."

தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு பதினொன்று.

"ஏன் பிள்ளை இவ்வளவு வெள்ளணக் கொண்டுவந்து போட்டனி? இந்த வாங்கில நான் எவ்வளவு நேரம் இருக்கிறது? வெள்ளிக்கிழமை அஞ்சுக்கு வராதை. அஞ்சேகாலுக்கு வா."

"சரி மாமா," என்றாள் ஜெயந்தினி. "அஞ்சேகாலுக்கு வாறன்."

திரும்பி என்னிடம் வந்து, கொப்பியில் அந்த நேரத்தை எழுதச் சொன்னாள்.